பூச்சாடித் தட்டில் நின்ற தண்ணீர்

வைகாசி பிறந்தால் கொழும்பு வெள்ளவத்தைக் கடலின் நிறம் மாறிவிடும். தண்டவாளத்துக்கு அப்பால் அலை கற்களில் மோதும் சத்தம் எங்கள் மூன்றாம் மாடிவரை கேட்கும். ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படியும். ஒரு மணித்தியாலம் கொட்டும் மழை, பிறகு எரிக்கும் வெயில், திரும்பவும் மழை. முன்பெல்லாம் இந்த மாதத்தில் நான் நிறைய எழுதுவேன். போன வருடத்துக்குப் பிறகு பயம்தான் வருகிறது.

போன வருடம் மழை தொடங்கி இரண்டாம் கிழமை. மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, மூன்று நான்கு பேருடையது. கதவைத் தட்டி, வீட்டில் யாருமில்லையா என்று சிங்களத்தில் கேட்டார்கள். நான் மின்விசிறியை நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தேன்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியிருந்தவர்களுக்கு இது விளங்கும். பதிவு எங்கே, அடையாள அட்டை எங்கே, ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கும் பொலிஸ்காரர்கள் இப்படித்தான் வருவார்கள். உள்ளே ஆளில்லை என்று நினைத்தால் சில நேரம் போய்விடுவார்கள். அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருடம். என் கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

பின்னேரம் கீழ்வீட்டு ராத்தாவைப் படியில் கண்டேன். முஸ்லிம் பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

“டெங்கு நுளம்பு பாக்க வந்தவங்க புள்ள. ஒங்கட கதவத் தட்டித் தட்டிப் பாத்திட்டுப் போனாங்க” என்றார். “ஒளிச்சிட்டீங்களா?”

“குளிச்சுக்கொண்டு நிண்டனான், ராத்தா.”

“அவ்வளவு நேரமா? கடல்லயா குளிச்சீங்க?”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மேலே வந்தேன். வெட்கத்தில் வேறொன்றும் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் நோகுது என்றாள். அப்போதுதான் பால்கனிக்குப் போய்ப் பூச்சாடிகளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வைத்த தட்டுகளில் மழைத் தண்ணீர் நின்றது. அதில் கறுப்பு நூல் துண்டுகள் போலப் புழுக்கள் நெளிந்தன. எல்லாவற்றையும் வெயில் சுட்ட சீமெந்தில் ஊற்றினேன்.

மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மறித்து வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான்காம் நாள் காலை நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

“காய்ச்சல் விட்டிட்டுது, டொக்டர்” என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. “இனித்தான் கவனம், அம்மா. காய்ச்சல் விட்ட பிறகு வாற இரண்டு நாளுக்குத்தான் நாங்களும் பயப்படுறது.”

அந்த இரண்டு நாளும் அவள் குடித்ததையும் கழித்ததையும் அளந்து ஒரு தாளில் எழுதினேன். அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது; கூடினால் நெஞ்சில் நீர் கட்டும் என்றார்கள்.

“அம்மா, ஒரு சொட்டுத் தாங்கோவன்.”

“இன்னும் நேரமாகேல்லை, பிள்ளை.”

“நீங்கள் என்ன, தாதியோ?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பாதங்கள் குளிர்ந்திருந்தன. என் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் மத்தியானம் இரத்தச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை கூடத் தொடங்கியது. பசிக்குது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப என்னைக் கடிச்சது எங்கட வீட்டு நுளம்போ? சொந்தக்கார நுளம்பு” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ராத்தாவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?”

சொல்லவில்லை. எங்கள் பால்கனிக்கு நேர் கீழேதான் அவருடைய படுக்கையறை ஜன்னல். என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சி அனுப்பியவர் அவர்.

அன்று ராத்தாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டாம் நாள்.