பதினாலு நடை

சர்வீஸ் சென்டரில் நான் இருந்தேன், அப்பா இருந்தார், சர்வீஸ் அட்வைசர் இருந்தார். யாருக்காக இந்தக் காரை வாங்கினேனோ, அந்த அக்கா மட்டும் இல்லை. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் வந்து இறங்குகிறாள்.

நாலு வருடத்துக்கு முன் நீடாமங்கலத்தில் பஸ் ஏறி, நின்றுகொண்டே ஏர்போர்ட் போனவள். ஐந்தாவதோடு அவள் நடவுக்குப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன்.

"முன் சீட்டு எனக்குத்தான்டா தம்பி. ஏசியெல்லாம் வேணாம், கண்ணாடிய இறக்கி விட்டுடு" – ஆறு மாதமாகப் போனில் இதே பேச்சு.

எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பங்குனியில் தார் ரோடுதான் களம். உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து உதிர்த்துக் கொடுத்துவிடும். கூலி கிடையாது!

நாங்கள் பரப்பிய அன்றைக்குப் பாலம் வேலை என்று பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். மேகம் வேறு கட்டிக்கொண்டு நின்றது. அப்பா என் காரைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு நாலு நடை போய்ட்டு வாயேன்."

குத்தகைக் கேஸில் பன்னிரண்டு வருடம் அலைந்து அவர் காப்பாற்றிய இரண்டு மா நிலத்து உளுந்து. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாலு நடை, பதினாலு நடை ஆனது. மறுநாள் முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம்.

அட்வைசர் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் கிரீஸ் அப்பிய ஒரு சுருள்.

"ஆக்சில்ல சுத்தியிருந்துச்சு சார். ரப்பர் கவர் கிழிஞ்சு, பேரிங்கும் போயிடுச்சு. வர்ற வழியில ரோட்ல ஏதும் கிடந்துச்சா?"

நல்ல மனிதர். பதிலை வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சுருளை எடுத்து முகர்ந்துவிட்டார்.

"நம்ம உளுந்துங்க! நான்தாங்க வண்டிய ஏத்தச் சொன்னேன். பதினாலு நடை. ஒரு மணி பாக்கியில்லாம உதிர்ந்துடுச்சு."

கம்பெனிக்கே சர்டிபிகேட் கொடுக்கிற பெருமிதம்.

"ஐயா... அப்படின்னா வாரண்டி வராதுங்களே."

வெளியே வந்ததும் கேட்டேன். "கொஞ்சம் சும்மா இருந்திருக்கக் கூடாதாப்பா?"

"தாசில்தார் விசாரணையிலயே உள்ளதத்தான்டா சொன்னேன். இவருகிட்ட வந்து பொய் சொல்லணுமா?"

அப்படி உள்ளதைச் சொன்னதால்தான் நிலம் நிலைத்தது.

வாரண்டி என்றால் மூன்று நாளில் முடிகிற வேலை. காசு கட்டுவதென்றால், கார் தவணை போக மிச்சமில்லாத தனியார் பள்ளி வாத்தியாரான நான் ஒன்றாம் தேதிச் சம்பளத்துக்குக் காத்திருக்க வேண்டும். அக்கா வாடகை வேனில் வீடு வந்து சேர்ந்தாள்.

"நான் தரேன்டா. வண்டிய எடுத்துட்டு வா, பேராவூரணி சித்தி வீட்டுக்குப் போய்ட்டு வருவோம்."

அவள் காசில் அவளையே ஏற்றிக்கொண்டு போவதா? முடியாது என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடியும் முடியாது என்றேன்.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் ஆசைப்பட்டது காற்றுக்கு. நான் ஆசைப்பட்டது பெயருக்கு. பிரியமானவர்களுக்கு ஒன்றைக் கொடுக்க நினைக்கும்போது, கொடுப்பவனாக இருக்கத்தான் நமக்கு எவ்வளவு ஆசை...

இருபது நாள் லீவு முடிந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பஸ் நகரும்போது கையை வெளியே நீட்டி என் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் தேதி கார் கைக்கு வந்தது. எல்லாம் சேர்த்து, பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.