எங்கள் பையில் அவள் கடவுச்சீட்டு

வெளிநாட்டிலிருந்து ஆங்கிலம் படிப்பிக்க ஒரு பிள்ளை வரப்போகிறாள் என்று கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்தார் அறிவித்தபோது, அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கினேன். புங்குடுதீவில் பூட்டிக்கிடக்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றைக் கூட்டிக் கழுவி, வாங்கு மேசை போட்டு வகுப்பறையாக்கினோம். அவள் தங்குவதற்கு என் வீட்டில் ஓர் அறை. வேறு யாரிடமும் விட எனக்கு மனமில்லை. பிறத்தியார் ஊரில் போய் ஆங்கிலம் படிப்பிக்கிறதில் என்னென்ன அந்தரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மாலைதீவில் நாலு வருடம் படிப்பித்தவள்.

அங்கே போய் இறங்கிய அன்றே பள்ளிக்கூட அதிபர் சிரித்த முகத்தோடு கையை நீட்டி புதிதாய்ப் போன ஆசிரியர் எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கினார். மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். ஒருமுறை எனக்குப் பல்வலி வந்தது. பல் வைத்தியர் தலைநகரில். விமானம் ஏறக் கடவுச்சீட்டு வேண்டும். அதிபர் வேறொரு தீவுக்குப் போய்விட்டார், சாவியும் அவரோடு போய்விட்டது. நாலு நாள் வீங்கிய கன்னத்தோடு பாடம் எடுத்தேன். அந்த மனிதரை நான் திட்டாத திட்டு இல்லை. ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. கலியாண வீடு, செத்த வீடு எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் கதையை எடுத்துவிடுவேன்.

அதனால் இந்தப் பிள்ளைக்கான ஒப்பந்தத்தை நானே இருந்து எழுதினேன். நாளுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வகுப்பு இல்லை. ஞாயிறு முழு ஓய்வு. அறைக்கு உள்பக்கம் கொண்டி. சுகமில்லாமல் படுத்தால் சம்பளம் வெட்டக் கூடாது. சங்கத்தின் செயலாளர் ரெலிபோனில் வாசித்துப் பார்த்துச் சிரித்தார்.

“என்னக்கா, யூனியன்காரர் எழுதினமாதிரிக் கிடக்கு!”

“பட்டவளுக்குத்தான் தெரியும், தம்பி” என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தைப்பொங்கல் முடிந்து அவள் வந்தாள். அயர்லாந்துக்காரி, இருபத்தாறு வயது. கழுத்தில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கியது. அதற்குள் கடவுச்சீட்டு. வெயிலில் அந்தப் பை கழுத்தை அறுத்துச் சிவந்திருந்தது. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“கொண்டாரும் பிள்ளை, நான் பத்திரமா வைக்கிறன்.” ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தந்தாள்.

எங்கள் ஊரில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்தால் சோற்றுப் பானையை விட்டாலும் அந்தப் பையை விட்டுவிட்டு ஓடமாட்டோம். சண்டை முடிந்து எவ்வளவு காலமாகிவிட்டது! இன்னும் அந்தப் பை அலுமாரியில் அதே தட்டில்தான் இருக்கிறது. அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு ஆமியின் முன்னால் நின்றவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அவளுடைய கடவுச்சீட்டை என் மகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்து அலுமாரியைப் பூட்டினேன். மகள் லண்டனில். பையில் ஓர் இடம் நிரம்பியது போலச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அவள் நன்றாகப் படிப்பித்தாள். சின்னதுகள் அவளுக்குத் தமிழ் படிப்பித்தன. ‘ஓம்’, ‘ஏலாது’, ‘சும்மா இரும்’ எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. நேரக் கணக்கில் நான் கறார். வகுப்பு முடிந்த பிறகு ஒரு தாய் கேற்றடியில் வந்து நின்று, “என்ர பிள்ளைக்கு ஒரு அஞ்சு நிமிசம் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்கோவன்” என்றால், “அவவும் மனிசிதானே, போட்டு நாளைக்கு வாரும்” என்று துரத்திவிடுவேன். ஊரில் எனக்குக் கெட்ட பெயர்தான். வந்தால் வரட்டும் என்றிருந்தேன்.

பங்குனியில் அவள் முதல்முறை கேட்டாள். நெடுந்தீவுக்குப் போய் இரண்டு நாள் நிற்கவேண்டுமாம். தங்குமிடத்தில் கடவுச்சீட்டைக் கேட்பார்களாம்.

“நெடுந்தீவிலை என்ன கிடக்கு? கல்லும் மாடும்தான். தனியப் போகாதையும், பள்ளிக்கூட லீவுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்” என்றேன். சரி அக்கா என்றாள்.

அடுத்த முறை கேட்டபோது அலுமாரிச் சாவி என் கணவரின் சாவிக்கொத்தில் கிடந்தது. அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். பின்னேரம் வந்தார். நான் மறந்துபோனேன், அவளும் திரும்பக் கேட்கவில்லை. மூன்றாம் முறை ஆடியில், கோயில் திருவிழா நேரம். வீடு நிறைய ஆட்கள். வந்த சனத்துக்கு முன்னால் யார் அலுமாரியைத் திறப்பார்கள்? “பிறகு பாப்பம் பிள்ளை” என்று சொல்லி அவள் கையில் மோதகத் தட்டைக் கொடுத்தேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திருவிழா முடிந்து மூன்றாம் நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து செயலாளர் ரெலிபோன் எடுத்தார்.

“அக்கா, ஒரு கதை. கோவிக்கக் கூடாது. அந்தப் பிள்ளை எங்களுக்கு எழுதியிருக்கிறா. நீங்கள் அவவின்ர பாஸ்போட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறியளாம்.”

“ஆர், நானோ?” துருவலையை விட்டு எழும்பினேன். “என்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்கா கிட்ட வர விடுறேல்லை. நான் பிடிச்சு வைச்சிருக்கிறனோ?”

“பாஸ்போட் எங்கை அக்கா இருக்கு?”

“அலுமாரிக்கை.”

“சாவி?”

“என்னட்டை.”

அவர் மெல்லக் கேட்டார், “அவ வீட்டுக்குப் போகவேணுமெண்டால் எப்பிடி அக்கா போறது?”

ரெலிபோனை வைத்துவிட்டு எவ்வளவு சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. கொழுப்பு, நன்றி கெட்டதுகள், உப்பிட்டு வளர்த்தேனே என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் கணவர் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, “மாலைதீவு அதிபரை எத்தினை வருசமாத் திட்டினனீர்?” என்றார். “அந்த மனிசனும் பத்திரமா வைக்கிறன் எண்டுதானே வாங்கினவர்?”

“அதுவும் இதுவும் ஒண்டோ!”

“அந்தப் பிள்ளைக்கு என்ன வித்தியாசம்?”

அந்த இடத்தில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

பையை எடுத்து, சுற்றிய பொலித்தீனைப் பிரித்து, கடவுச்சீட்டோடு அவள் அறைக் கதவைத் தட்டினேன். கொண்டி விலகும் சத்தம் கேட்டது. நீட்டினேன். மன்னித்துக்கொள்ளும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பையைப் பற்றி, செல்லடியைப் பற்றி, ஓடியதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டே கடவுச்சீட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்க்கிறாள். நான் கதையை நிறுத்திவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே குறிகட்டுவான் துறையில் படகேறித் தனியாக நெடுந்தீவு போனாள். எப்போது வருவீர் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை வந்து, “சாப்பிட்டியளோ அக்கா?” என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு குறையும் இல்லை. சிரித்தாள், படிப்பித்தாள், என்னோடு குசினியில் நின்று மீன் துப்புரவாக்கப் பழகினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். மார்கழியில் ஒப்பந்தம் முடிய வந்தது. இன்னொரு வருடம் நிற்கச் சொல்லிச் சங்கம் கேட்டது. பிள்ளைகள் கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தார்கள். நானும் கேட்டேன்.

“ஏலாது அக்கா” என்றாள்.

“ஏன் பிள்ளை, என்ன குறை? சொல்லும், செய்து தாறன்.”

அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். “நீங்கள் இனி எடுக்கமாட்டீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அக்கா. ஆனாலும் ஒவ்வொரு இரவும் படுக்கிறபோது கடவுச்சீட்டு தலையணைக்குக் கீழே இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். விடிவதற்குள் இரண்டு மூன்று தரம் எழும்பியும் பார்க்கிறேன். எனக்குக் களைத்துவிட்டது.”

ஐந்து மாதம் அந்தப் பிள்ளை என் வீட்டில் அப்படிப் படுத்திருக்கிறாள். பக்கத்து அறையில் நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறேன்.