‘இது இல்ல’ எனேபிஷ்

பேட்டரியின் தலையில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இது இல்ல” என்றார் மெக்கானிக் எனேபிஷ். ஃபியூஸ் பெட்டிக்குப் போனார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்து, “இது இல்ல, இது இல்ல, இதுவும் இல்ல” என்று திரும்பச் செருகினார். விளக்கின் பின்புறம் மூக்கை நுழைத்தார். “இது இல்ல.” பிறகு வண்டிக்கு அடியில் முதுகால் ஊர்ந்து போய், எர்த் வயரை முடுக்கியிருந்த போல்ட்டை இரண்டு விரலால் ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

டீக்கடை வாசல் பெஞ்சிலிருந்து கரி லாரி ஓட்டும் புந்த்சாக், “ஆச்சு, வாய மூடிட்டாரு. எர்த்துதான். எடு கட்டிய” என்று பக்கத்து டிரைவரிடம் கையை நீட்டினார்.

பிரேக்கை மிதித்தால் முன்விளக்கு மங்குகிறது என்று வந்த பழைய ஜப்பான் வண்டி அது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, போல்ட்டை இறுக்கியதும் சரியாகிவிட்டது. வண்டிக்காரர் எதனால் என்று கேட்டதற்கு, எனேபிஷ் பேட்டரியையும் ஃபியூஸையும் விளக்கையும் மறுபடி காட்டி, அவையெல்லாம் இல்லை என்று சொன்னார். “இதுதான்” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. குற்றவாளி யார் என்பது அவர் எங்கே மௌனமாகிறார் என்பதை வைத்துத்தான் தெரியும். அந்த மௌனத்தின் மேல் பந்தயம் கட்டுவது கணவாய்க்குக் கீழே இருக்கிற இந்த டீக்கடையின் வழக்கம். பந்தயப் பொருள், கல்லாகக் காய்ந்த தயிர்க்கட்டி.

பெயரே அதுதான். அவர்கள் பாஷையில் எனேபிஷ் என்றால் ‘இது இல்லை’. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதைத் தேடி வருகிற கெட்டது கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தால், “இது இல்லை” என்ற பதில் கிடைத்து, சரி, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போகட்டும். அப்பா அம்மாவின் ஏற்பாடு அது. ஏற்பாடு பலித்திருக்கிறது. ஐம்பத்தொரு வயது, ஒரு தங்கப் பல், குதிரையிலிருந்து விழுந்து சற்றே கோணிப்போன தோள், எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடுகிற ஒல்லி உடம்பு என்று நன்றாகவே இருக்கிறார்.

மற்றவர்கள் அங்கியின் மார்பு மடிப்பில், பார்க்கிறவர்களுக்கு மரியாதைக்கு நீட்ட மூக்குப்பொடிச் சிமிழ் வைத்திருப்பார்கள். இவர் அங்கே சிமிழோடு ஸ்பேனர், பிளக், கம்பித் துண்டு எல்லாவற்றையும் போட்டு வைப்பார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாத்தாவுக்கு மரியாதையாக இரண்டு கையாலும் அவர் நீட்டியது சிமிழ் அல்ல, கழற்றிப் போட்ட பிளக். கிழவர் அதை வாங்கி, முறைப்படி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: “பெட்ரோல் கொஞ்சம் அதிகமாப் போகுது, கவனி.”

வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்கமாட்டார். முதலில் மூன்று கேள்வி. கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? அதற்கப்புறம் புதிதாக என்ன நடந்தது? யார் கை வைத்தது? பாதி வண்டி இந்தக் கேள்வியிலேயே சரியாகிவிடும். மேடு ஏறினால் மூச்சு முட்டி நின்றுபோகிறது என்று ஒருவர் வந்தார். புதிதாக ஒன்றும் இல்லை, பெட்ரோல் டேங்க் மூடி குளிரில் கையைச் சுடுகிறதென்று மனைவி கம்பளித் துணியில் உறை தைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான் என்றார். உறையைக் கழற்றி மூடியைத் திருகியதும் டேங்க் ‘உஸ்’ என்று பெருமூச்சு விட்டது. மூடியிலிருந்த காற்றுத் துளையை உறை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? இன்னொருவர் சேற்றில் புதைந்து, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று கத்திக்கொண்டே வந்தார். எனேபிஷ் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, முன்சக்கரம் ஒவ்வொன்றின் மையத்திலும் இருந்த பூட்டை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் திருப்பிவிட்டு எழுந்தார். ஏழு வருடமாக அந்த மனிதர் முன்சக்கரத்தைப் பூட்டாமலே லீவரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டீக்கடையை நடத்துவது அவர் மனைவி தெஜித். நாள் முழுக்க உப்புப் போட்ட பால் டீயைக் கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே எல்லோருக்கும் பதில் சொல்கிற பெண். எப்படிக் கல்யாணம் ஆனது என்று கேட்டால் இப்படிச் சொல்வார்: “எங்க வீட்ல மூணு பொண்ணு. எவளைக் கேட்டு வந்திருக்கீங்கன்னு எங்கப்பா கேட்டாரு. இவரு பெரியவளப் பாத்து இல்லன்னாரு, சின்னவளப் பாத்து இல்லன்னாரு. என்னையப் பாத்தாரு, வாயே தொறக்கல. சரி, கோளாறு நம்மகிட்டதான்னு புரிஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் அதே மௌனம்தான்.”

போன ஜூலையில், குஸ்தியும் குதிரைப் பந்தயமும் நடக்கிற நாடாம் திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்கு, கணவாய்ப் பக்கமிருந்து ஒரு பழைய ரஷ்ய ஜீப் சத்தமில்லாமல் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது ஒரு அம்மாள். மடியில் பால் கேன். பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்குக் கதவு அகலத்துக்கு முதுகு. குஸ்திக்காரன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன தம்பி, மைதானத்துக்குப் போறதுக்கு முன்னாடியே வண்டியோட குஸ்தியா?” என்றார் புந்த்சாக்.

“அது ஜெயிச்சிருச்சுண்ணே” என்றான் அவன், வியர்வையைத் துடைத்தபடி. பெயர் தோர்லிக். அம்மா நோர்ஜ்மா. மாவட்ட மைதானம் இன்னும் அறுபது கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்குள் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் இந்த வருடக் குஸ்தி இல்லை.

புந்த்சாக் நல்ல மனிதர். “ஏறு என் லாரில. எதிர்ப் பக்கம் போறவன்தான், பரவால்ல, திருப்பிடறேன்” என்றார். நோர்ஜ்மா இறங்கவே இல்லை. “பால் தெளிச்சு விட்ட வண்டிலதான் இவன் மைதானத்துல போய் எறங்கணும். முந்தின வருஷம் நான் ஆஸ்பத்திரில கிடந்தேன், பால் தெளிக்க ஆளில்ல, மொத சுத்துலயே விழுந்தான். போன வருஷம் அவசரத்துல பாலுன்னு நெனச்சு ஆறிப்போன டீயத் தெளிச்சுட்டேன். ரெண்டாவது சுத்து. பக்கத்துக் கூடாரத்துக்காரி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. இந்த வருஷம் விடியக்கால கறந்த மொதப் பாலு. என் கையால தெளிச்சது.”

தோர்லிக் எனேபிஷின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். “வண்டி நின்னதுலேருந்து அம்மா தன்னாலதானோன்னு மூணு தடவ கேட்டுருச்சு. அது மொகம் வாடிப்போச்சுன்னா எனக்குக் கால் நிக்காதுண்ணே. பாத்துக்குங்க.”

எனேபிஷ் மூன்று கேள்வியையும் கேட்டார். நேற்று சாயங்காலம் வரை நன்றாக ஓடியது. புதிதாக ஒன்றும் இல்லை. காலையில் ஆயில் பார்க்கத் தோர்லிக் பானெட்டைத் திறந்தான், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் இருமி இருமி ஓடி, சூடு ஏறியதும் கணவாயில், வழிப்போக்கர்கள் கும்பிடுகிற ஓவோக் கற்குவியலுக்கு மூன்று ஹாரன் அடித்த கையோடு நின்றுவிட்டது.

பெஞ்சில் பந்தயம் சூடாயிற்று. புந்த்சாக் நாலு கட்டியை எர்த் வயர் மேல் கட்டினார். பக்கத்து டிரைவர் பெட்ரோல் பம்ப் என்றார். உள்ளேயிருந்து தெஜித் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிவந்து, “பால் பொங்கித் தீயிற வாசன வருதே” என்று சொல்லி அதே வேகத்தில் அடுப்புக்குத் திரும்பினார். அடுப்பில் பால் இல்லை. மறுபடி வெளியே வந்தவர் வாசனையைப் பிடித்தபடி ஜீப் வரை நடந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பெஞ்சுக்கு வந்து ஐந்து கட்டியை எண்ணி வைத்தார். “டிஸ்ட்ரிபியூட்டர்.”

“அண்ணி, நல்லா யோசிச்சுக்குங்க” என்றார் புந்த்சாக்.

“யோசிச்சுட்டேன். நீ உன் பல்லப் பாத்துக்க, கட்டி கெட்டியா இருக்கு.”

எனேபிஷ் பேட்டரியின் தலையில் கை வைத்தார். “இது இல்ல.” பெட்ரோல் பம்பின் சின்னக் கைப்பிடியை நாலு முறை அழுத்தினார். பெட்ரோல் தாராளமாக வந்தது. “இது இல்ல.” பக்கத்து டிரைவர் ஒரு கட்டியை இழந்தார். கார்புரேட்டர் இல்லை. காயில் வயரைப் பிடுங்கி இரும்பின் அருகே காட்டினார், நீலமாக ஒரு பொறி தாவியது. “இதுவும் இல்ல.” நாலு பிளக்கும் இல்லை.

மிச்சம் இருந்தது, காயிலிலிருந்து வருகிற மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் பங்கு வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டர். அதன் கறுப்பு மூடியில் அவர் கை வைத்தபோதுதான் நோர்ஜ்மா ஜீப்பிலிருந்து இறங்கி அருகில் வந்தார்.

“இதுதானே தம்பி வண்டியோட நெஞ்சு? நாலு பக்கமும் நரம்பு போகுதே. எல்லாரும் சக்கரத்துக்குத்தான் தெளிப்பாங்க. இன்னிக்கு இவன் ஆயில் பாக்கத் தொறந்து வச்சுட்டு உள்ள போனானா, நான் நெஞ்சுக்கே ரெண்டு கரண்டி விட்டேன். பால் தெளிக்கிற ஒம்பது குழிக் கரண்டி. நெறைய.”

தோர்லிக் தலையைக் குனிந்துகொண்டான்.

எனேபிஷ் கொக்கி இரண்டையும் தள்ளி மூடியைக் கழற்றினார். உள்ளே ஓரமெல்லாம், இடுக்கு வழியே கசிந்த பால் ஆடையாகி மஞ்சளாக ஒட்டிக் காய்ந்திருந்தது. அதன் மேல், ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு, தலைமுடி கனத்தில் கறுப்புக் கோடுகள். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் பாலின் மேல் குறுக்கு வழி கண்டுபிடித்து ஓடிய தடம். அவர் மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாய் திறக்கவில்லை. தெஜித் கட்டிகளைத் தன் பக்கம் இழுக்கக் கையை வைத்துவிட்டார்.

“அதுவா தம்பி?” என்றார் நோர்ஜ்மா. சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. ஆனால் அதை அவர் மறந்துபோய் அங்கேயே விட்டுவிட்டதுபோல் இருந்தது.

எனேபிஷ் அங்கியின் மடிப்பிலிருந்து துணியை எடுத்து, கடையிலிருந்த வோட்காவில் நனைத்து, மூடியின் உட்புறத்தைச் சுற்றித் துடைத்தார். கறுப்புக் கோடுகளைக் கத்தி நுனியால் சுரண்டினார். ஊதினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். பழையபடி மாட்டி, கொக்கிகளைப் போட்டார்.

“இது இல்ல” என்றார்.

பிறகு மறுபக்கம் போய், எர்த் வயர் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அது இம்மியும் அசையவில்லை. பெஞ்சிலிருந்தே அது தெரிந்தது. எனேபிஷ் அதைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வெகுநேரம் மௌனமாக இருந்தார். அப்புறம் கழற்றி, பளபளவென்று இருந்த இரும்பை உப்புத்தாளால் சிரத்தையாகத் தேய்த்து, திரும்ப முடுக்கினார். தோர்லிக் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு தடவை தும்மிவிட்டு, பிடித்துக்கொண்டு, சீராக ஓடத் தொடங்கியது.

நோர்ஜ்மா மூச்சு விட்டார். “எர்த்துன்னா என்ன தம்பி, மண்ணா?”

“ஆமாக்கா, மண்ணுதான். வண்டிக்கும் தரையில ஒரு பிடி வேணும்ல.”

“கேட்டியாடா?” என்று மகனிடம் திரும்பினார் அவர். “அதேதான் ஒனக்கும். காலு. கையிருக்கு, தோளிருக்கு, காலத்தான் எதிராளிகிட்ட தூக்கிக் குடுத்துட்டு வர்ற.”

“சரிம்மா” என்றான் தோர்லிக். காதுவரை சிரித்தான்.

புந்த்சாக் பெஞ்சின் மேலிருந்த கட்டிகளை வாரிக்கொண்டிருந்தார். “என்ன அண்ணி, உங்க வீட்டுக்காரர் மௌனம் உங்களுக்கே புரியலையா?”

தெஜித் கணவரை ஒரு பார்வை பார்த்தார். எனேபிஷ் மும்முரமாக ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதில் துடைக்க ஒன்றும் இல்லை. “இருபத்திரண்டு வருஷத்துல மொத தடவ” என்று சொல்லி, ஐந்து கட்டியையும் தெஜித்தே அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

மணி பத்தே கால். புறப்பட வேண்டியதுதான். அப்போது நோர்ஜ்மா, நின்ற வண்டி மறுபடி கிளம்புகிறதே, சும்மா அனுப்பக் கூடாது என்று, கேனின் மூடியைத் திறந்து ஒன்பது குழிக் கரண்டியை முக்கினார். பின்சக்கரம் இரண்டுக்கும் தெளித்தார். இடது முன்சக்கரத்துக்குத் தெளித்தார். வலது முன்சக்கரத்துக்கு வந்தவர், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, பானெட்டைப் பார்த்தார்.

எனேபிஷ் பானெட்டை அடித்துச் சாத்தினார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல் அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கோணல் தோளைச் சொறிந்துகொண்டு, தூரத்து மலையைப் பார்க்கத் தொடங்கினார். கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏறி, உட்கார்ந்த இடத்தைச் சுட்டிருக்க வேண்டும். அவர் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் எடையை மாற்றி உட்கார்ந்தாரே தவிர, மிச்சப் பாலெல்லாம் சக்கரங்களுக்கே போய்க் கேன் காலியாகும்வரை இறங்கவில்லை.