கத்தினால் குடித்தவரா?

மூச்சில் மது வாடை இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் குழாயை மாற்றிவிட்டு அக்கா முதலில் தானே ஊதுகிறார். பச்சை விளக்கு எரிந்ததும், "நான் பாஸ். வாங்கப்பா" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து ஊதிவிட்டு, பேருந்துச் சாவியை வாங்கிப் போகிறார்கள். குடித்திருந்தால் கருவி கத்தும்.

எங்கள் பேருந்துப் பணிமனையில் அவருக்கு 'எத்தனை அக்கா' என்று பெயர். மாமியாருக்குத் தலைவலி வந்தபோது, கைபேசியைப் பார்த்த மகன் மூளையில் கட்டி என்று அலறினானாம். "கட்டி இருந்தா தலை வலிக்கும்டா. தலை வலிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குக் கட்டி?" என்று கேட்டு, கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். பக்கத்து மேசையில் பயணச்சீட்டுக் கட்டுகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். இவரை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு வம்பு பேச முடியாது.

போன வாரம் மூத்த ஓட்டுநர் ஒருவர் ஊத, கருவி கத்திவிட்டது. "நான் தொட்டதே இல்லம்மா" என்று மனிதர் கெஞ்சினார். மேலாளர் அக்காவிடம் பாய்ந்து வந்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சரியாச் சொல்ற மெஷின். இவரை வேலையை விட்டுத் தூக்குறேன். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்ப வண்டி குடுக்க வேணாம், அது சரி. உங்க அலமாரில பூட்டி வச்சிருக்கிற இன்னொரு மெஷின்ல ஊதட்டும். அதுவும் கத்தினா போடுறேன்."

"ஒரு தடவை கத்தினா போதும்."

அக்கா எழுந்துவிட்டார். "குடிக்காத நூறு பேர் ஊதினா அஞ்சு பேருக்குத் தப்பாக் கத்தும் சார். நம்மகிட்ட இருநூறு டிரைவர். குடிச்சுட்டு வர்றவங்க ரெண்டு பேர்னே வச்சுக்கங்க. அவங்களுக்குக் கத்தும். குடிக்காதவங்க பத்துப் பேருக்கும் கத்தும். கத்துன பன்னெண்டு பேர்ல குடிச்சவங்க எத்தனை பேரு? ரெண்டே ரெண்டு!"

"கணக்கை வீட்டுல வச்சுக்கங்க. போடலைன்னா உங்க வேலையும் போகும்."

"போகட்டும். போட மாட்டேன்."

அக்கா வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான் வருமானம். ஆனாலும் அந்த நேரத்தில் அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அக்கா நிதானமாகக் குழாயை மாற்றினார். கருவியை மேலாளரின் வாய்க்கு நேரே நீட்டினார். "நீங்க குடிக்கலைல்ல சார்? ஊதுங்க. கத்தினா உங்க பேருக்கும் சேத்துப் போடுறேன்."

மேலாளர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நீட்டிய கையை மடக்காமலே, அக்கா மறு கையை அலமாரிச் சாவிக்காக விரித்தார்.