பதிமூன்றாம் பக்கத்து எஞ்சின்

ரேணிகுண்டா ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சின் ஃபிட்டராக இருந்த நாகபூஷணத்துக்கு பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஒரு பிரெஞ்சுப் படக்கதையைப் பற்றி அவரிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் அந்த ஊரில் யாரும் கிடையாது. அதைப் பார்த்த வேறு ஆளே அங்கே இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி முதல் வகுப்புப் பெட்டியில் விட்டுப்போன புத்தகம் அது. மூன்று மாதமாகியும் யாரும் தேடி வராததால், தினம் வந்து புரட்டிக்கொண்டிருந்த நாகபூஷணத்திடமே ஸ்டேஷனில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சிவப்புக் குல்லா போட்ட வாலிபன் ஒருவனும் தடியான சமையல்காரன் ஒருவனும் மலை, கடல் என்று சுற்றும் சாகசக் கதை. நாகபூஷணம் வாலிபனுக்கு ‘செங்குல்லா’ என்று பேர் வைத்தார்.

டீ நேரத்தில் ஷெட்டே அவரைக் கண்டு ஒதுங்கியது. “செங்குல்லாவோட தொப்பி எத்தினி தபா கீழ வுழுது, சொல்லு பாப்போம்?” என்று பிடித்துக்கொள்வார். பதினேழு தடவை. அவரே சொல்லிவிடுவார்.

ஒருநாள் ஷெட் ஆபீஸ் கிளார்க் வேதாச்சலத்திடம் மூச்சு வாங்க ஓடினார்.

“அண்ணா, பன்னெண்டாம் பக்கத்துல எஞ்சினுக்கு ஒரு பக்கம் மூணு பெரிய சக்கரம். பதிமூணுல பாலத்து மேல போவுது, நாலு சக்கரம்! நம்பர் அதே நம்பர். நடுவுல எந்த ஷெட்டுலண்ணா மாட்டினான்?”

“பொம்மை எஞ்சின்தானே, வுடுப்பா.”

“எஞ்சின் எஞ்சின்தான்!”

வேறு வழியில்லாமல் வேதாச்சலம் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். புத்தகம் போட்ட பெல்ஜியத்துக் கம்பெனியின் விலாசம் அதன் பின்பக்கத்திலேயே இருந்தது. பதில் வர வேண்டிய விலாசத்தில்தான் சிக்கல். குவார்ட்டர்ஸ் மாறிக்கொண்டே இருக்கும், சொந்த ஊர் விலாசம்தான் நிலையானது என்றார் நாகபூஷணம். சொந்த ஊரோ நகரிப் பக்கம். அது ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்தோடு சேருமா என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம். வேதாச்சலம் அந்தக் கூட்டங்களில் முன்வரிசை ஆள்.

“சேரத்தான் போவுது, இப்பவே எழுதிட்டா இன்னா?” என்று ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று அழுத்தி எழுதினார்.

பதில் வர பதினோரு மாதம் ஆயிற்று. சென்னை, திருத்தணி, சித்தூர் என்று உறை பூராவும் முத்திரை. செங்குல்லாவே அவ்வளவு ஊர் சுற்றியிருக்க மாட்டான். உள்ளே ஒரு கடிதம், கூடவே புதுப் பதிப்பு. வேதாச்சலம் கடிதத்தை வாசித்துச் சொன்னார்: “நீங்கள் சொன்னது சரி. ஏழு வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஓவியரின் மாமனார் ரயில்வேக்காரர். ஓவியர் இப்போது அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை.”

புதுப் பதிப்பின் பதிமூன்றாம் பக்கத்தில் மூன்றே சக்கரம். நாகபூஷணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் டீ நேரத்தில் யாரும் ஒதுங்கவில்லை. அவரே ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனதால் இருக்கலாம்.

புதுப் புத்தகத்தை வீட்டில் பெட்டிக்குள் வைக்கப் போன மனைவி ருக்மணி சும்மா புரட்டினாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை.

“இன்னாங்க இது? இருபத்தாறாம் பக்கத்துல இந்தத் தடியன் சோறு பொங்கறான். ஆவி பறக்குது. அடுப்புல நெருப்பே காணோம்!”

நாகபூஷணம் பிடுங்கிப் பார்த்தார். பழைய புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் நெருப்பு இல்லை, ஒரு விறகுகூட இல்லை.

“எதுனா வேற மாதிரி அடுப்பா இருக்கும்” என்றார்.

“முப்பதாம் பக்கத்துல அதே அடுப்புல வெறகு எரியுதே.”

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிடும்போதும் பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.  ருக்மணி சோறு போடும்போது மட்டும், “நல்லா நெருப்பு மூட்டித்தான் பொங்குனேன்” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் நாகபூஷணம் வேதாச்சலத்தின் மேஜை முன்னால் போய் நின்றார்.

“இன்னாப்பா, இன்னொரு சக்கரமா?”

“இல்லண்ணா. அடுப்பு.” கொஞ்சம் தயங்கினார். “லெட்டருக்குக் கீழ கையெழுத்துப் போட எடம் வுடு. வூட்ல இருக்கறவ... ருக்மணி வந்து போடுவா.”