அபோண்டியின் ஆமென்

கொன்சொலாட்டா அபோண்டி பேச ஆரம்பித்தால் தேநீரும், எண்ணெயில் பொரித்த மண்டாஸிப் பணியாரமும் ஆறிப்போகும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். அவள் கிசுமு நகர மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். ஆய்வுத் திட்டங்களால் மனிதருக்கோ மண்ணுக்கோ கேடு வருமா என்று பார்த்து அனுமதி தரும் குழுவில் உறுப்பினர். நான் அதன் செயலாளர்.

ஏரிக்கரையில் கானோ என்ற ஊரில் இருந்த அவள் வீட்டை வெள்ளத்தில் ஏரி எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. பழைய டீசல் பிக்கப்பில் வருவாள். வண்டி நின்ற பிறகும் புகை கொஞ்ச நேரம் நிற்கும்.

அன்றைய கூட்டத்துக்கு வந்தது டாக்டர் ஒமுலோவின் திட்டம். பூமி சூடாகச் சூடாக ஏரிக்கரைக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் எப்படிக் கூடுகிறது என்ற ஆய்வு. ரத்த மாதிரிகளை உறைநிலையில் வைக்க இரவு பகலாக ஜெனரேட்டர் ஓடும். பிறகு அவை விமானத்தில் வெளிநாடு போகும். சுற்றுச்சூழல் பாதிப்பு என்ற இடத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தார்.

“ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் ஆகும், டாக்டர்?” என்று கேட்டாள் அபோண்டி.

“கணக்குப் போடலை மேடம். ஆராய்ச்சியே பருவநிலை மாற்றத்தைப் பத்தித்தானே.”

“தீயணைக்க வர்றவங்க வழியெல்லாம் கொளுத்திக்கிட்டே வரலாமா?”

தலைவர் பேராசிரியர் ஒகுடா சிரித்தார். “கானோ மகளே, உன் பிக்கப் என்ன தண்ணியிலயா ஓடுது?”

“புகை கக்கிக்கிட்டுத்தான் ஓடுது, ஜதுவோங். நான் பொருந்தாதுன்னு எழுதினேனா?” என்றாள். பெரியவர்களை எங்கள் பக்கம் ‘ஜதுவோங்’ என்றுதான் அழைப்போம்.

எங்கள் குழுவில் கை தூக்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் தலையாட்டினால்தான் அனுமதி. இந்த வாரம் அனுமதி போகாவிட்டால் நிதி கைமாறிவிடும் என்றார் ஒகுடா. மற்றவர்கள் தலையாட்டினார்கள். அபோண்டி ஆட்டவில்லை.

“உன் பதவிக்காலம் இந்த மாசம் முடியுது. புதுப்பிக்கச் சொல்லி நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கா?”

அவள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஒகுடா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

“சரி, அனுமதி. முடிவு ஜெபத்தை நீயே பண்ணும்மா.”

தோற்றவர் மனக்கசப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று முடிவு ஜெபத்தை அவருக்கே கொடுப்பது எங்கள் வழக்கம். அது முடியாமல் கூட்டம் முடியாது. கண்ணை மூடிவிட்டால் யாரும் குறுக்கே பேசவும் மாட்டார்கள். தலைவர் இதை மறந்துவிட்டார்.

“ஆண்டவரே, இந்த டாக்டருக்கு நல்ல மூளை கொடுத்திருக்கீங்க. எவ்வளவு டீசல் எரியும்னு உக்காந்து எழுத மனசும் கொடுங்க. கூரை மேல வெயில் சும்மா காயுதுன்னு அவருக்குக் காட்டுங்க. ரத்தத்தை இங்கேயே சோதிக்க முடியுமான்னு நாலு பேரைக் கேக்க வைங்க. இதெல்லாம் எழுதாம இந்தத் திட்டம் இந்தக் கதவைத் தாண்ட விடாதீங்க. ஜதுவோங்கோட அவசரத்தைக் கொஞ்சம் குறைங்க. இயேசுவின் நாமத்தில்.”

“ஆமென்” என்றோம். பழக்கதோஷத்தில் ஒகுடாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

அபோண்டி கண்ணைத் திறந்தாள். “எழுதிக்கோங்க செயலாளரே. குழு மொத்தமும் சம்மதிச்சிருக்கு.”

“ஜெபத்தை எல்லாம் யாராவது தீர்மானம்னு எழுதுவாங்களா?” என்றார் ஒகுடா.

“அப்ப ஆமென் சும்மா சொன்னோம்னு யாராவது எழுந்து சொல்லுங்க.”

யாரும் எழவில்லை. குழுவில் இருந்த பாதிரியார் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். டீசல் கணக்கை எழுத ஒமுலோ தன் திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வாசலில் ஒகுடா சொன்னார்: “புதுப்பிக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். உனக்கு இதுதான் கடைசிக் கூட்டம்.”

“தெரியும். அதான் சத்தமா ஜெபிச்சேன்.”

ஆறிப்போன மண்டாஸி இரண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். பிக்கப் கிளம்பவில்லை. தள்ள ஆள் வேண்டியிருந்தது. முதலில் போனவர் ஒமுலோ. வண்டி உறுமிக் கிளம்பியபோது அவர் வெள்ளைச் சட்டை முழுக்கப் புகை.

“இதையும் கணக்குல சேத்துக்கோங்க டாக்டர்!” என்று கத்திக்கொண்டே போனாள்.