தட்டு சாய்ந்திருந்த நாலு நாள்

கிஸ்லென் ரொய்போனுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். கிரெனோபிளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தலைவரைக்கூட நீ என்றுதான் பேசுவாள். "நீங்க" என்று ஆரம்பித்தால், காபிக் கோப்பையோடு நாங்கள் வெளியே நழுவிவிடுவோம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்த பிறகு முப்பது வருடமாக ஒரே வேலை: நியூட்ரான் துள்ளத் தரை போடுவது. அணு உலையிலிருந்து வருவதை, ஆள் ஓடுகிற வேகத்துக்குத் தணித்து, அவள் மட்டம் பார்த்து வைத்த கண்ணாடிப் பாளத்தின் மேல் விடுவோம். கீழே கண்ணாடி, ஆற்றல் வரைபடத்தில் செங்குத்துச் சுவர் மாதிரி. மேலே பூமியின் இழுப்பு, சரிவு மாதிரி. காகிதத்தில் வரைந்தால் முக்கோணக் குழி. அதற்குள் நியூட்ரான் இஷ்டப்பட்ட உயரத்தில் நிற்காது, படிப்படியாகத்தான் நிற்கும். முதல் படிக்கே பதினாலு மைக்ரான் இடம் வேண்டும். கண்ணாடிக்கு மேலே நிற்கும், நியூட்ரானை விழுங்கும் தட்டை அதற்கும் தாழ்வாக இறக்கினால், ஒன்றுகூட மறுபக்கம் வரக் கூடாது.

அன்று தட்டு பத்து மைக்ரானில் இருந்தது. நியூட்ரான்கள் வந்துகொண்டே இருந்தன.

"தட்டு சாஞ்சிருக்கு. ஒரு மூலை தூக்கிட்டு நிக்குது" என்றாள்.

"அது பின்னணி இரைச்சல், கிஸ்லென். கழிச்சிக்கலாம்" என்றார் தலைவர் அர்மான் துஷேன்.

அவள் நியூட்ரான் கற்றையின் கதவை மூடினாள். எண்ணும் கருவி வாயடைத்துப் போயிற்று. திறந்தாள். மறுபடி ஆரம்பித்தது.

"இரைச்சல் கதவு தட்டிக்கிட்டு வருமா, மிஸ்யே துஷேன்? நீங்க எந்த ஊர்ல படிச்சீங்க?"

நான் கோப்பையைத் தேடினேன்.

எங்களுக்குக் கிடைத்த கற்றை நேரத்தில் ஆறு நாள் மிச்சம். தட்டைக் கழற்றி மட்டம் பார்க்க இரண்டு நாள் ஆகும். "ரெண்டு நாளை உன் மட்டப் பலகைக்குத் தாரை வார்க்க முடியாது. மாநாட்டுல பேசறதா ஒத்துக்கிட்டாச்சு" என்றார் துஷேன்.

அவள் பதிவேட்டில் மையால் எழுதினாள்: 'தட்டு இணையாக இல்லை. சொன்னேன். கேட்கவில்லை. ரொய்போன்.' பக்க எண் போட்ட ஏடு, கிழிக்க முடியாது. துஷேன் அதை என் பக்கம் தள்ளி, "இணையா இருக்குன்னு கீழ ஒரு வரி போடுப்பா" என்றார். என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது; புதுப்பிப்பவர் அவர். பேனாவைத் திறந்தேன், மூடினேன். எழுதவில்லை. அவள் பக்கம் பேசவும் இல்லை.

"உங்களுக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, சாப்பிட மட்டும்தானா?" என்றாள். என்னையும் "நீங்க" என்றுவிட்டாள்.

நாலு நாள் ஓட்டினோம். தட்டை எந்த உயரத்தில் வைத்தாலும் படி தெரியவில்லை. எண்ணிக்கைக் கோடு வழவழவென்று ஏறியது. ஐந்தாம் நாள் காலை துஷேனே, "சரி, தூக்கு" என்றார்.

தூக்கினாள். மூலைத் தாங்கியின் அடியில், துடைக்கிற துணியின் ஓர் இழை. அதை இடுக்கியால் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். மட்டம் பார்க்க உட்காரவில்லை. பார்த்து முடிப்பதற்குள் கற்றை நின்றுபோயிருக்கும்.

துஷேன் குனிந்து பார்த்து, மலர்ந்த முகத்தோடு, "கண்டுபிடிச்சிட்டோம் பாத்தியா!" என்றார்.

கிஸ்லென் கையுறைகளைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

"நீங்க என்னத்த கண்டுபிடிச்சீங்க? என் நாலு நாளத் திருப்பிக் குடுங்க."